கறிவேப்பிலைச் செடியின் கண்ணாடி

அந்த யோசனை எனக்கு வந்தபோது, ஓடிக்கொண்டிருந்த ஒரு சலவை இயந்திரத்தின் மேல் நான் உட்கார்ந்திருந்தேன். ஒடென்சேயில் எங்கள் அடுக்குமாடியின் நிலக்கீழ் அறை அது. எல்லா வீட்டுக்கும் பொதுவான சலவை அறை. சுவரில் ஒரு பலகை இருக்கும். எந்த நாள், எந்த நேரம் வேண்டுமோ அந்தக் கட்டத்தில் உங்கள் வீட்டுச் சின்னப் பூட்டை மாட்டிவிட்டுப் போகலாம். மாட்டிவிட்டால் அந்த நேரம் உங்களுடையது; ஒருவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். டென்மார்க்கில் நான் முதலில் விளங்கிக்கொண்ட சட்டம் அதுதான்.

பக்கத்து இயந்திரத்தின் மேல் அவன். மூன்றாம் மாடி. என் வயது, என் வகுப்பு, சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளியிலும் எனக்குப் பக்கத்து மேசை. எங்கள் அம்மாமார் பின்னேர வேலைக்குப் போகும் நாட்களில் துணி தோய்ப்பது எங்கள் இரண்டுபேரின் பொறுப்பு. அவன் தன் போனில் ஓர் ஆவணப்படம் பார்த்துக்கொண்டிருந்தான். அமெரிக்க நகரம் ஒன்றில் தெருக் கும்பலுக்குத் தலைவனாக இருந்த ஒருவனின் கதை. இயர்போனில் ஒரு பக்கம் அவன் காதில், மற்றப் பக்கம் என் காதில். இயந்திரம் பிழியத் தொடங்கியதும் படமும் நாங்களும் சேர்ந்து நடுங்கினோம்.

"பாரடி, எங்கட வயசில ரெண்டு கோஷ்டிக்கு நடுவில போய் நிண்டு சமாதானம் கதைச்சிருக்கிறான்."

"பேந்து?"

"பேந்தென்ன, ரெண்டு கோஷ்டிக்கும் அவனே தலைவன்."

நான் இயந்திரத்திலிருந்து குதித்தேன். "நிப்பாட்டு! இதுதானடா!"

"என்னது இதுதான்?"

"எங்கட செயற்றிட்டம்!"

ஒன்பதாம் வகுப்பில் ஒரு வாரம் பாடங்களையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு ஒரு செயற்றிட்டம் செய்யவேண்டும். பொதுத் தலைப்பைப் பள்ளிக்கூடம் கொடுக்கும், விடயத்தை நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். அந்த வருடத் தலைப்பு 'அதிகாரம்'. வகுப்பில் பாதிப்பேர் அரச குடும்பத்தைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அது காணாது. எதையாவது பெரிதாகச் செய்துவிட வேண்டுமென்ற அரிப்பு எனக்கு எப்போதும் உண்டு, இன்றைக்கும் போகவில்லை. தொடங்கிய கதைகள், பாதியில் விட்ட வானொலி நிகழ்ச்சி, மாற்றிய பட்டப்படிப்பு என்று அந்த அரிப்பின் தழும்புகள் என் வாழ்க்கை முழுக்கக் கிடக்கின்றன. ஆனால் அந்தச் செயற்றிட்டத்தை நாங்கள் முடித்தோம். முடித்துவிட்டோம் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

வேலையை அங்கேயே, துணி காயும் சூட்டில் நின்று பிரித்தோம்.

"நான் அவன் எழும்பினதை எடுக்கிறன். நீ அவன் விழுந்ததை எடு."

"ஏன், எனக்கு மட்டும் விழுந்தது?"

"நீதானே புத்தகப் பூச்சி. ஜெயிலுக்குள்ளதான் வாசிக்க நிறைய இருக்கும்."

அப்படித்தான் அந்த அமெரிக்கன் இரண்டாகப் பிளந்தான். என் நண்பனின் பாதியில் ஏழைகளின் மாடிக்குடியிருப்பில் வளர்ந்த ஒரு சிறுவன் இருந்தான். பேச்சால் ஆட்களைச் சேர்த்தான். பசியோடு பள்ளிக்கூடம் போன பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடு கொடுத்தான். வெளியே வரப் பயந்த முதியவர்களுக்குச் சாமான் வாங்கிக் கொடுத்தான். அதே கையால் கடைக்காரர்களிடம் கப்பமும் வாங்கினான். கடைசியில் நகரத்தின் ஒரு பக்கம் முழுக்க அவன் சொல்லுக்காகக் காத்து நின்றது. என்னுடைய பாதியில் வழக்கு, ஆயுள் தண்டனை, சன்னல் இல்லாத அறை. அதோடு, கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து தொலைபேசியில் மகனோடு பேசும் ஒரு தாய்.

அந்த வாரத்தை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது. காற்றுக்கு எதிரே சைக்கிளை மிதித்து நூல்நிலையம் போவோம். அவன் ஒரு பக்கம் வாசிப்பான், பிறகு எழுந்து நடப்பான், நடந்தபடி கதைப்பான். நூல்நிலையப் பெண் உதட்டில் விரல் வைப்பாள். அவன் அவளுக்குத் தலைகுனிந்து வணக்கம் சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்குவான். தமிழ்ப்பள்ளிப் பேச்சுப்போட்டியில் அவனை வென்ற ஆள் இல்லை. எங்கள் பிள்ளைகள் அர்த்தம் தெரியாமல் பாடமாக்கி ஒப்புவிக்கும் பேச்சை அவன் மட்டும் தனக்கே அப்போதுதான் தோன்றியதுபோலப் பேசுவான். நடுவர்களை ஒரு பார்வை, சபையை ஒரு பார்வை, வலக்கையை நெஞ்சில் வைத்து ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் மண்டபமே மூச்சுப் பிடித்துக்கொண்டிருக்கும்.

வகுப்பில் அந்த அமெரிக்கனைப் பற்றியும் அவன் அப்படித்தான் பேசினான். டெனிஷ் மொழியில், ஆனால் அச்சொட்டாக எங்கள் பேச்சுப்போட்டித் தாளத்தில். "மதிப்புக்குரிய நடுவர்களே" என்று டெனிஷில் தொடங்கியதும் வகுப்பு விழுந்து சிரித்தது. நெஞ்சில் கையை வைத்து அவன் நிறுத்தியபோது ஒரு சத்தமும் இல்லை. முன்வரிசையில் எப்போதும் தூங்கும் பெடியன் ஒருவன் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான்.

என் பாதிக்கு நான் ஒரு காட்சி எழுதியிருந்தேன். சிறையில் சந்திப்பு. அதற்கு ஒரு கண்ணாடி வேண்டும். கண்ணாடிக்கு எங்கே போவது? எங்கள் வீட்டுப் பல்கனியில் அப்பா ஒரு கறிவேப்பிலைச் செடி வைத்திருந்தார். டென்மார்க்குக் குளிரில் அதை உயிரோடு வைத்திருப்பது பச்சைப் பிள்ளையை வளர்ப்பது மாதிரி. தான் வேலை செய்த சன்னல் தொழிற்சாலையில் கழித்துவிட்ட பெரிய பிளாஸ்டிக் கண்ணாடித் தகடு ஒன்றைக் கொண்டுவந்து செடிக்கு முன்னால் சாத்தி வைத்திருந்தார். நாங்கள் அதைத் தூக்கினோம்.

"என்ர கறிவேப்பிலை விறைச்சுச் செத்தால் உங்கட அமெரிக்கக் காவாலி வந்து நட்டுத் தருவானோ?"

"ஒரு நாளைக்குத்தான் அப்பா."

"ஒரு நாள் காணும் அதுக்குச் சாக! காவாலியளைப் பற்றிப் படிக்கவோ உங்களைப் பள்ளிக்கூடம் அனுப்பினது?"

அவன் உடனே பணிந்த குரலில், "அங்கிள், செடியை எங்கட வீட்டு ஹீட்டருக்குப் பக்கத்தில வைக்கிறன். அம்மா பாத்துக்கொள்ளுவா" என்றான். அப்பா இளகிவிட்டார். அவன் கதைத்தால் யாரும் இளகிவிடுவார்கள்.

தாயாக நடிக்க எனக்கு ஒரு கோட் வேண்டியிருந்தது. அவன் தன் அம்மாவின் நீலக் குளிர்கோட்டைக் கொண்டுவந்தான்.

ஆசிரியைக்கு எங்கள் செயற்றிட்டம் நன்றாகப் பிடித்துவிட்டது. பெற்றோர் வரும் மாலைக் கூட்டத்தில் இன்னொரு தடவை செய்யச் சொன்னார். அவனுடைய அம்மா, எனக்கு அன்ரி, வந்திருந்தா. முதியோர் இல்லச் சமையலறையில் வேலை முடித்து நேரே வந்து, பின்வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. அவனுடைய அப்பா அவர்களோடு இல்லை. தலைநகரத்துப் பக்கம், டோஸ்ட்ருப்பில் வேறொரு குடும்பம் அவருக்கு. அதனால் கூட்டங்களுக்கெல்லாம் எப்போதும் அன்ரி ஒருவரேதான். டெனிஷ் அவவுக்கு அரைகுறை. அதற்காகவே சந்திப்புக் காட்சியில் தாயின் வசனங்களை நான் தமிழில் பேசினேன். ஆசிரியைக்கு அது இன்னும் பிடித்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன். இந்தப் பக்கம் நீலக் கோட்டோடு நான். நான் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தேன். அவன் அந்தப் பக்கத்திலிருந்து தன் கையை வைத்தான். "உன்னைத் தொட ஏலாதாம் தம்பி" என்று நான் அழுதேன். உண்மையாகவே அழுகை வந்துவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். விளக்குப் போட்டபோது பின்வரிசையில் அன்ரியின் கதிரை வெறுமையாக இருந்தது. "பஸ்ஸுக்கு நேரமாச்சுது போல" என்றான் அவன்.

அதற்குப் பிறகு நாங்கள் பிரிந்தோம். சண்டை ஒன்றும் இல்லை, பாதைகள்தான் வேறு. நான் உயர்தரப் படிப்புக்குப் போனேன், அவன் வணிகப் பள்ளிக்குப் போய் இடையில் விட்டான். எங்கள் தமிழ்ச் சனத்தில் ஒரு சின்னப் பெடியனின் போனை ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சிலர் பறித்துக்கொண்டார்கள். இவன் போய்க் கதைத்து, ஓர் அடிகூட அடிக்காமல் வாங்கிக்கொடுத்தான். அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்று எல்லோரும் சொல்வார்கள். அதற்குப் பிறகு யாருக்கு என்ன பிரச்சினை என்றாலும் அவனிடம் போனார்கள். தன்னைவிட மூத்தவர்களும் அவனை 'அண்ணை' என்றார்கள். தன் கடைச் சன்னலை யாரோ இரண்டு தடவை உடைத்துவிட்டார்கள் என்று எங்கள் அங்கிள் ஒருவரே அவனைக் கூப்பிட்டு, "தம்பி, நீ கதைச்சால் கேப்பாங்கள்" என்றார். கேட்டார்கள். பிறகு அந்த அங்கிள் மாதாமாதம் அவனுக்கு ஏதோ கொடுத்ததும் எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் "எங்கட பெடியன்" என்றுதான் சொன்னோம்.

ஒரு கலைவிழாவில் அவனைக் கண்டேன். கார் நிறுத்துமிடத்தில் பெடியன்கள் அவனுக்காக ஓர் இடத்தைப் பிடித்து மறித்து நின்றார்கள். கருப்பு ஜக்கெட், புதுக் கார். என்னைக் கண்டதும் எல்லோருக்கும் முன்னால், "மதிப்புக்குரிய நடுவரே!" என்று டெனிஷில் கத்தினான்.

"என்னடா, எழும்பின பாதியை நல்லாச் செய்யிறாய் போல?" என்றேன்.

சுற்றி நின்ற பெடியன்கள் திகைத்துப் போனார்கள். அவர்களுடைய அண்ணையிடம் யாரும் அப்படிக் கதைப்பதில்லை. அவன் மட்டும் சிரித்தான். என்னை வீடுவரை கொண்டுவந்து விட்டான். வழி முழுக்கச் சலவை அறை, நூல்நிலையப் பெண், செத்துப் பிழைத்த கறிவேப்பிலை. பழைய குரலேதான். இறங்கும்போது, "உன்ர அம்மா எப்பிடி?" என்றேன். "கோபத்தில இருக்கிறா" என்றான்.

பிறகு அந்தச் செய்தி வந்தது. போட்டிக் கும்பல் ஒன்றைச் சேர்ந்த பெடியனின் காலை வெட்டிப்போட்டார்கள். வெட்டியது இவன் இல்லை, வெட்டச் சொன்னது இவன். அந்தப் பெடியனை இப்போதும் ட்ராமில் காண்கிறேன். ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருப்பான். அவனைக் காணும்போதெல்லாம் பழைய நினைவுகளின் இனிப்பு எனக்குக் கசந்துவிடும்.

இவன் சிறைக்குப் போனதும் அன்ரி அவனை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டா.

அதாவது, ஊருக்கு அப்படிச் சொன்னா. முதலில் கோயில் திருவிழாவில் யாரோ, "மகனைக் காணேல்லை?" என்று கேட்டிருக்கிறார்கள். "அவன் அமெரிக்காவிலயெல்லே" என்று வாயில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு திருப்ப முடியவில்லை. எங்கள் சனத்தைப் பற்றி இதில் ஒன்று சொல்லவேண்டும். எல்லோருக்கும் உண்மை தெரியும், பத்திரிகையில் வந்ததுதானே. ஆனாலும் ஒருவரும் அவவின் முகத்துக்கு நேரே மறுக்கவில்லை. "அங்கையும் இப்ப குளிரோ?" என்று கேட்டார்கள். "எங்கட மச்சானும் அங்கைதான்" என்றார்கள். கலியாண வீடுகளில் அந்த அமெரிக்காவுக்குப் பலகாரம்கூடக் கட்டிக் கொடுத்தார்கள். அன்ரி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து உறைபெட்டியில் வைத்தா.

சில மாதங்களுக்கு முன் ஒரு நாள், தெரியாத எண்ணிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது.

"மதிப்புக்குரிய நடுவரே."

நான் ட்ராமுக்காக நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். ட்ராம் போய்விட்டது.

"உன்ர பாதியை நான் வாசிக்கவேயில்லை, தெரியுமோ?" என்றான். "கடைசிக் காட்சியை மட்டும்தான் பாடமாக்கினனான். மிச்சத்தில என்ன எழுதினாய்?"

"அந்தக் கொம்பியூட்டரே இப்ப இல்லையடா."

"அப்ப வந்து வாயால சொல்லு."

அனுமதி எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் தீவிலிருந்து பாலம் தாண்டி யூலண்டில், வயல்களுக்கு நடுவே இருக்கிற சிறை. உள்ளே போகும்வரை என் மனதில் இருந்தது நானே எழுதிய காட்சிதான். தடித்த கண்ணாடியும் சுவரில் தொலைபேசியும். ஒரு காவலர் கதவைத் திறந்துவிட்டார். சின்ன அறை. பழைய சோபா, தேநீர்ப் போத்தல், சன்னலில் பூப்போட்ட திரை, மூலையில் யாரோ பிள்ளைகளுக்காக வைத்த விளையாட்டுச் சாமான்கள். பல்வைத்தியரின் காத்திருப்பு அறை என்றால் நம்பலாம். அவன் சோபாவிலிருந்து எழுந்து வந்து என் தலையில் குட்டினான்.

"ஏன் இப்பிடி முழிக்கிறாய்?"

"கண்ணாடி எங்கை?"

"இதென்ன அமெரிக்காவே, விசரி?"

அவனே உள்ளீடு வைத்துச் சுருட்டிப் பொரித்த றோல்ஸைத் தட்டில் வைத்திருந்தான். அங்கே ஒவ்வொருவரும் கடையில் சாமான் வாங்கித் தாங்களே சமைக்க வேண்டுமாம். ஓரம் பிரிந்திருந்தது. உறைப்புக் காணாது. அதையும் சொன்னேன். "உனக்கு உள்ளுக்கு வந்தும் வாய் குறையேல்லை" என்றான். என் பாதியை நினைவிலிருந்த அளவுக்குச் சொன்னேன். நெஞ்சில் கை வைக்காமல், எழுந்து நடக்காமல், குனிந்தபடி கேட்டான். தாய் வரும் இடத்தில் மட்டும் நிமிர்ந்தான்.

"அந்தாளின்ர அம்மா வந்தாவோ?"

"ஒவ்வொரு மாசமும்."

"எங்கட அம்மா ஒருக்காலும் வரேல்லை."

பிறகு விடயத்தைச் சொன்னான். வெளியே போய்வர விடுமுறை கிடைக்கும் கட்டத்துக்கு வந்துவிட்டான். முதலில் ஒரு வார இறுதி, ஒழுங்காகத் திரும்பி வந்தால் அடுத்தது, அப்படியே விடுதலை வரை. ஆனால் போய்த் தங்க ஒரு வீடு வேண்டும், அந்த வீட்டார் சம்மதிக்கவும் வேண்டும். அன்ரியிடம் கேட்டால், "சாப்பிட்டியோ தம்பி?" என்பதற்கு மேல் கதை வராது. "வீடு சின்னன்" என்று சொல்லி போனை வைத்துவிடுவா.

"பெடியள் ரெடியா நிக்கிறாங்கள்" என்றான். "வீடு, கார், எல்லாம் தாறாங்களாம். கேற்றடிக்கே வருவாங்களாம்."

"போவியோ?"

"அம்மா கதவைத் திறக்காட்டி வேற எங்கை போறது? அவவுக்கு வெக்கம். அமெரிக்காவில இருந்து ஆள் இப்பிடி வந்து இறங்கினால் சனத்துக்கு என்ன சொல்லுறது?"

அந்தக் காருக்குள் ஏறினால் அவன் மறுபடி அண்ணை. அது இரண்டுபேருக்கும் தெரிந்திருந்தது. மிச்ச றோல்ஸை அவன் என் பக்கம் தள்ளினான்.

திரும்பி வந்த அந்த வாரமே மூன்றாம் மாடிக்குப் போனேன். அன்ரி துணிக்கூடையோடு வாசலில் நின்றா. அவவுடைய சலவை நேரம் தொடங்கிவிட்டிருந்தது. ஒரு பூட்டுக்கு ஒரு நேரம்தான், விடமுடியாது. நானும் கூடையில் ஒரு பிடியைப் பிடித்தபடி கீழே இறங்கினேன். இயந்திரங்கள் புதிது, பலகை மட்டும் பழையது. துணியைப் போட்டுவிட்டுச் சுவரோரம் இருந்த நீள வாங்கில் உட்கார்ந்தோம்.

"அன்ரி, நான் அவனைப் பாத்திட்டு வாறன்."

"அமெரிக்கா போனனியோ பிள்ளை?" என்றா, சிரிக்காமல்.

"அன்ரி."

அவ வெறும் கூடையைக் காலால் ஒதுக்கினா.

"மெலிஞ்சு போனானோ?"

"இல்லை. தானே சமைக்கிறான். நீங்கள் ஒருக்கால் போய்ப் பாக்கலாமே. சனம் என்ன நினைக்குமெண்டு..."

"சனத்துக்கு எல்லாம் தெரியும்" என்று வெட்டினா. "எனக்குத் தெரியாதே அவையளுக்குத் தெரியுமெண்டு? அது இல்லைப் பிள்ளை."

"அப்ப என்ன?"

அவ தன் கைகளைப் பார்த்தா. "அந்தக் கண்ணாடியை நான் எப்பிடிப் போய்ப் பாக்கிறது? அண்டைக்குப் பள்ளிக்கூடத்தில பாத்தனானெல்லே. என்ர கோட்டைப் போட்டுக்கொண்டு நீ நிண்டாய். அங்கால என்ர பிள்ளை. தொட ஏலாதாமெண்டு நீ அழுதாய். நான் அதோட எழும்பி வெளியால வந்திட்டன். பிறகு இவனை உண்மையாவே பிடிச்சபோது, எனக்கு அது ரெண்டாந்தரம் நடக்கிற மாதிரி இருந்துது. அப்பிடிப் போய் நிக்க என்னால ஏலாது. அப்பிடிப் பாக்கிறதுக்குப் பாக்காமலே இருக்கலாம்."

இத்தனை வருடமும் வெட்கம் என்று அவன் நினைத்தான், கோபம் என்று நான் நினைத்தேன். அவவோ என் அப்பாவின் கறிவேப்பிலைக்குச் சாத்திய பிளாஸ்டிக் தகடு ஒன்றுக்குப் பயந்து மூன்றாம் மாடியிலேயே இருந்திருக்கிறா. பொலிஸ், நீதிமன்றம், நகரசபை என்று ஒருவரிடமும் அவ ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? தன் கண்ணால் பார்த்ததாயிற்றே.

"அன்ரி, அங்கை கண்ணாடி இல்லை."

"எனக்காகச் சொல்லாதை."

"சத்தியமா இல்லை. அது அமெரிக்காவில. இங்கை ஒரு அறை. ஒரு சோபா."

"ஜெயிலில சோபாவோ?" அவவுக்குக் கோபமே வந்துவிட்டது. "என்னைப் பேய்க்காட்டாதை பிள்ளை!"

படம் காட்டலாம் என்றால் உள்ளே போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள். நான் எழுந்தேன். துணி மடிக்கும் மேசையை இழுத்து வாங்குக்கு முன்னால் போட்டேன். சலவைத்தூள் பெட்டியைத் தேநீர்ப் போத்தல் ஆக்கினேன். யாரோ விட்டுப்போன காய்ந்த துவாய் ஒன்றை மேலேயிருந்த சின்னச் சன்னலில் தொங்கவிட்டேன், திரை. வெறும் கூடையை மூலையில் தள்ளினேன், விளையாட்டுச் சாமான்கள்.

"இது சோபா. நீங்கள் இதில இருக்கிறியள். அந்தக் கதவால நான் வாறன். நான்தான் அவன்."

"உனக்கு இன்னும் இந்த நாடக விசர் போகேல்லை."

"அன்ரி, இருங்கோ."

வெளியே போய்க் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தேன். அவனைப்போலத் தோளை ஒரு பக்கம் சரித்து நடந்தேன். அன்ரி வாயைப் பொத்திச் சிரித்தா. பக்கத்தில், முழங்கால் முட்ட உட்கார்ந்தேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"இவ்வளவு கிட்டவோ இருப்பான்?"

"இவ்வளவு கிட்டத்தான்."

"தொடலாமோ?"

"என்ர தலையில குட்டினவன் அன்ரி."

அவ கையைத் தூக்கினா. கை குளிர்ந்திருந்தது. என் தலையில் வைத்து, தலைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, கன்னத்தில் கொண்டுவந்து நிறுத்தினா. நான் அவனாகவே இருந்தேன். இயந்திரம் பிழியத் தொடங்கியது. மேசையிலிருந்த சலவைத்தூள் பெட்டி நடுங்கி நடுங்கி ஓரத்துக்கு வந்தது. இரண்டுபேரும் அதைப் பிடிக்கவில்லை.

வீட்டைப் பற்றி அவ இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. விடுமுறைக்கு அவனை வரச் சொல்வாவா என்று கேட்டதற்கு, "முதல் ஆளைப் பாப்பம்" என்றா. அனுமதிக்கு நாங்கள் விண்ணப்பித்தோம், வந்துவிட்டது. வருகிற சனிக்கிழமை. அப்பாவின் காரில் பாலத்தைக் கடந்து யூலண்டுக்குப் போகிறோம். நேற்று அன்ரி என்னைக் கூப்பிட்டு உறைபெட்டியைத் திறந்து காட்டினா. இத்தனை கலியாண வீட்டுப் பலகாரமும் பைகளில் உறைந்து கிடந்தது. சாப்பாடு ஒன்றும் உள்ளே கொண்டுபோகக் கூடாது, அவன்தான் றோல்ஸ் செய்து கொண்டுவருவான் என்றேன். "அவன் செய்து நான் சாப்பிடுறதோ?" என்று கொஞ்ச நேரம் அதையே யோசித்துக்கொண்டு நின்றா. பிறகு, ஓரம் பிரியாமல் இருக்க மாக்கரைசலை எப்படித் தடவவேண்டும் என்று அவனுக்குச் சொல்லச் சொன்னா. அவன் கூப்பிட்டபோது சொன்னேன். "ஆர் சொன்னது?" என்று கேட்டான். "அமெரிக்கா" என்றேன். முதலிலிருந்து இன்னொருதரம் சொல்லச் சொன்னான்.

பெடியன்களின் கார் இன்னும் தயாராகத்தான் நிற்கிறது. சனிக்கிழமை அந்த அறையில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. வாசலில் நின்று இரண்டுபேருக்கும் வசனம் எடுத்துக் கொடுக்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருக்கிறது என்பது எனக்குத்தான் தெரியும். ஆனால் அன்ரியைக் கதவுவரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பி வந்து, கார் நிறுத்துமிடத்தில், வாயை மூடிக்கொண்டு இருந்து பார்க்கப் போகிறேன்.